ஓர் ஒழுங்கைக்கு மூன்று பெயர்

1

பிள்ளையாரை நினைத்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்கள் எல்லோரையும் அவர் காக்கட்டும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது நோர்வேயில், கடலோரத்து ஊர் ஒன்றில். இந்தக் கிழமை எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள பஸ் தரிப்பிடத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள். முன்பு அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. தரிப்பிடத்துக்கும் அதன் பெயர்தான். பள்ளிக்கூடத்தை மூடி வயோதிபர் இல்லமாக்கியதால் பலகையையும் மாற்றினார்கள். எங்கள் மேல்வீட்டு இங்கிரிட் என்ற அம்மாள் படிக்கட்டில் என்னை மறித்துவைத்து, கையை ஆட்டி ஆட்டிக் கோபப்பட்டார். அவர் படித்த பள்ளிக்கூடமாம். தான் சாகும்வரை பழைய பெயரைத்தான் சொல்லுவாராம். அவருடைய பேச்சு எனக்குப் பாதிதான் விளங்கியது. கோபம் முழுவதும் விளங்கியது.

எங்கள் சனத்துக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. இங்குள்ள தமிழர்களுக்கு அந்தத் தரிப்பிடம் எப்போதும் "அப்பிள் மரத்தடி"தான். அதற்கு அடுத்தது சேர்ச்சடி. அதற்கும் அடுத்தது நான் வேலை செய்யும் மீன் கொம்பனியடி. எங்களுக்கு முன்னால் வந்த யாரோ ஒரு புண்ணியவான் வைத்த பெயர்கள். பலகை எத்தனை தரம் மாறினாலும் எங்களுக்குக் கவலையில்லை.

என் மகள் வாணிக்கு இது பிடிப்பதில்லை.

"அப்பா, அது அந்த ஸ்டொப்பின்ர பேர் இல்லை. பலகையை வாசியுங்கோவன்."

"பலகையில இருக்கிறது பலகைக்குப் பிள்ளை. நாங்கள் கூப்பிடுறது எங்களுக்கு."

"உங்கட ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான்."

"எங்கட ஆக்கள்" என்று சொல்லவேண்டிய பிள்ளை "உங்கட ஆக்கள்" என்கிறாள். இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளையிடம் கோபித்து என்ன செய்வது? பெயர் என்பது அவளுக்குப் பலகையில் இருப்பது. ஆனால் போன மாரியில், பலகையில் இல்லாத ஒரு பெயரால் அவளுடைய மாமன் யோகன் திருப்பி அனுப்பப்பட இருந்தான். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

2

யோகன் என் மனைவி பரமேசுவின் தம்பி. என்னைவிட நன்றாக இளையவன். மனைவி சாந்தியையும் சின்ன மகளையும் திருகோணமலையில் ஒரு உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, எங்கெங்கோ எல்லாம் சுற்றி எங்களிடம் வந்து சேர்ந்தான். இங்கே இருக்க அனுமதி கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். கிடைக்காவிட்டால் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இளந்தாரி ஒருவன் அப்படிக் கட்டுநாயக்காவில் போய் இறங்கினால் என்ன நடக்கும் என்று ஊரிலிருக்கும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

குடிவரவுக் கந்தோரில் விசாரணைக்குப் போனவன் பின்னேரம் முகம் செத்துப்போய் வந்தான். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தான், நீங்கள் இங்க வந்த நேரம் எங்கட ஒழுங்கைக்கு என்ன பேர் சொன்னனீங்கள்?"

"ஏன் மச்சான், பிள்ளையார் ஒழுங்கை எண்டுதான்."

அவன் குசினிக் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டான்.

"நான் கப்பியடி எண்டெல்லோ சொல்லிப்போட்டன்."

பிழை அங்கேதான் நடந்திருக்கிறது. எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் கல்யாணம் முடித்து மனைவி வீட்டில் போய் இருந்தவன். யோகன் வளர்ந்ததும் அதே வீட்டில்தான். விசாரித்த பெண் அதிகாரி என்னுடைய பழைய கோப்பை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒரே வீட்டில் இருந்ததாகச் சொல்லும் இரண்டு பேர் இரண்டு தெருப் பெயர் சொல்லுகிறார்கள். சரி, எது உண்மை என்று திருகோணமலை வரைபடத்தை விரித்தால், அங்கே வேறொரு பெயர்: வில்பர் லேன்.

"மூண்டு பேரையும் ஒரு தாளில எழுதி எனக்கு முன்னால வைச்சிட்டுக் கேக்கிறா அத்தான், நீ உண்மையில திருகோணமலைதானோ எண்டு. பிறகு அது இது எண்டு நிறையக் கேட்டவ. என்ன சொன்னனான் எண்டும் ஞாபகமில்லை. உங்களையும் கூப்பிட்டு விசாரிக்கப் போறாவாம்."

அடுப்படியில் நின்ற பரமேசு அகப்பையோடு திரும்பினாள்.

"ஊரில ஆராவது அதைப் பிள்ளையார் ஒழுங்கை எண்டு சொன்னவையோ? தபால்காரனே சொல்லேல்லை. ஏன் போய் அந்தப் பேரைச் சொன்னனீங்கள்?"

"பலகையில அதுதானே எழுதியிருந்தது?"

"அந்தப் பலகையை எழுதினதே நீங்கள்தானே!"



3

எங்கள் ஒழுங்கை துறைமுகப் பக்கமாக இறங்குவது. இங்கிலீசுக்காரனின் கடற்படை இருந்த காலத்தில் வில்பர் என்று ஒரு துரை அந்தப் பக்கம் குடியிருந்தாராம். வரைபடத்தில் அவர் பெயர் ஏறிவிட்டது. எங்களில் ஒருவரும் அவரைக் கண்டதில்லை. அவர் பெயரைச் சொன்னதும் இல்லை.

என் மாமனார் கப்பல் பட்டறையில் வேலை செய்தவர். கடற்படை ஊரைவிட்டுப் போனபோது கழித்துப்போட்ட சாமான்களிலிருந்து ஒரு பெரிய இரும்புக் கப்பியைக் கேட்டு வாங்கி, தோளில் சுமந்து வந்து ஒழுங்கையின் பொதுக்கிணற்றில் மாட்டிவிட்டார். நங்கூரம் பொறித்த கப்பி. தண்ணீர் அள்ளினால் அது போடும் கிறீச்சுச் சத்தம் ஒழுங்கையின் இரண்டு தொங்கலுக்கும் கேட்கும். விடிகாலையில் அந்தச் சத்தத்தில்தான் எல்லோரும் எழும்புவது. கிணற்றடியில் ஆள் நிற்கிறதா, இப்போது போகலாமா என்று வீட்டுக்குள்ளிருந்தே அறிந்துகொள்வதும் அதை வைத்துத்தான். அந்த வருசமே வில்பர் துரை போய், இடம் கப்பியடி ஆகிவிட்டது.

நாங்கள் பெயர் வைப்பது அப்படித்தானே. கண்ணில் படுவதோ காதில் விழுவதோ, பின்னால் ஓர் "அடி" போட்டால் இடம் ஆயிற்று. கந்தளாயில் சீனி ஆலை மூடின பிறகும் பஸ்ஸில் ஏறுகிறவன் சீனி ஆலையடிக்குத்தான் ரிக்கற் கேட்கிறான். நாட்டுக்கே பெயர் மாறவில்லையா? நான் பிறந்தது சிலோனில். யோகன் பிறந்தது ஸ்ரீலங்காவில். இரண்டு பேரும் பிறந்தது ஒரே ஆசுபத்திரியில்.

பிறகு சண்டைக் காலம் வந்தது. ஒருநாள் சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் கிணற்றடியில் அந்தக் கப்பியைக் கண்டார்கள். நங்கூர அடையாளத்தைப் பார்த்ததும் நேவியிடம் களவெடுத்த சாமான் என்று கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வெறுங்கயிற்றால் இழுத்து இழுத்துப் பெண்களின் உள்ளங்கை எல்லாம் கொப்புளம். என் மாமி, அதாவது யோகனின் தாய், ஒழுங்கைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு முகாம் வாசலுக்கே போய்விட்டா. நானும் பின்னால் போனேன். ஆம்பிளை என்று பெயருக்கு ஒருவன் வேண்டுமே.

வாசலில் ஆமிப் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். மொழிபெயர்க்கக் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பொலிசுக்காரர்.

"எங்க இருந்து வாறீங்க எண்டு கேக்கிறார்."

"கப்பியடியில இருந்து" என்றா மாமி.

அதைக் கேட்டுப் பெரியவர் ஏதோ சொல்ல, பொலிசுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அங்கதான் இப்ப கப்பி இல்லையே உம்மா, பிறகென்ன கப்பியடி எண்டு கேக்கிறார்."

"அதுக்குத்தானே தம்பி வந்தனாங்கள். பேர் எங்களிட்ட இருக்கு, சாமான் உங்களிட்ட இருக்கு. ரெண்டையும் பிரிச்சு வைக்கிறது பாவமெண்டு சொல்லுங்கோ."

அவர் சொன்னார். பெரியவரும் சிரித்தார். சிரித்தது அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை என்றபடியால்தான். கப்பியைத் தந்துவிட்டார்கள். தந்தது மட்டுமல்ல, நல்ல கிறீஸ் பூசித் தந்தார்கள். கொண்டுவந்து மாட்டினால் கப்பி ஊமை. அடுத்த நாள் விடிய ஒழுங்கை முழுக்க நித்திரை. வாளியோடு போகிறவர் எல்லாம் கிணற்றடியில் முட்டிமோதித் திரும்பி வந்தார்கள். மாமி பொறுத்துப் பார்த்தா. பிறகு கப்பியைக் கழற்றி, புளி கரைத்துக் கிறீஸ் போகத் தேய்த்துக் கழுவி, திரும்பவும் கிறீச்சிட வைத்த பிறகுதான் தேத்தண்ணி குடித்தா.

ஆனால் கப்பியடி என்ற பெயரால் வேறு வில்லங்கம் வந்தது. சென்றிக் காவலரணில் மறித்து "எங்கே இருக்கிறாய்" என்றால் எங்கள் வாயில் கப்பியடி வரும். அவர்களின் தாளில் வில்பர் லேன் இருக்கும். அப்படி ஓர் இடமே இல்லை என்று ஆட்களை வெயிலில் நிறுத்திவைத்தார்கள். ஆகவே ஒழுங்கை முகப்பில் அரசமரத்தின் கீழ் இருந்த பிள்ளையாரிடம் எல்லோரும் கூடி, யாருக்கும் விளங்கும் பெயர் ஒன்று வைக்கத் தீர்மானித்தோம். "பிள்ளையார் ஒழுங்கை எண்டு வைப்பம், சிங்கள ஆக்களும் கணதெய்யோ எண்டு கும்பிடுற சுவாமிதானே" என்று சொன்னவன் நான். வெள்ளைப் பலகையில் கறுப்பு மையால் எழுதினவனும் நான். கர்ப்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து நட்டோம். சும்மா சொல்லவில்லை, ரோந்து போகிற ஆமிப் பொடியன் ஒருவன் வழியில் பிடுங்கிய செவ்வரத்தம்பூவை அந்தப் பலகைக்கு மேல் வைத்துவிட்டுப் போவதைக் கண்ணால் கண்டேன்.

பலகை நின்றது. பெயர் நிற்கவில்லை. சென்றியில் மட்டும் பிள்ளையார் ஒழுங்கை என்பார்கள். சென்றியைத் தாண்டினதும் கப்பியடிதான். இப்போது அந்தப் பக்கம் முழுவதும் முகாமின் வேலிக்குள் போய்விட்டதாம். பலகையும் இல்லை, கிணறும் தெரியாது. ஆனாலும் "கப்பியடியில இறக்கு" என்றால் பஸ்காரன் சரியான இடத்தில் இறக்கிவிடுகிறானாம். யோகன் கொண்டுவந்த செய்தி.

4

நான் கந்தோருக்குப் போவதற்கு முதல்நாள் பரமேசு எனக்கு வழி சொல்லித் தந்தாள்.

"நானும் கப்பியடி எண்டுதான் சொன்னனான், அண்டைக்கு மொழிபெயர்த்தவர் பிழையாச் சொல்லிப்போட்டார் எண்டு சொல்லுங்கோ. முடிஞ்சுது."

"ஏலாது. அந்தாளும் ஒரு வீட்டுப் பிள்ளை. ஏன் அவனில பழியைப் போடவேணும்?"

"அப்ப என்ர தம்பி?"

யோகன் யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தபடி நின்றான். நான் சுவாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அப்பனே, உன்னுடைய பெயரைச் சொன்னதால்தான் இந்தத் தொல்லை, நீயே வந்து அவிழ்த்துவிடு என்றுதான் கேட்டேன். வேறு என்ன கேட்பது? அடுத்தநாள் ஒன்றும் உண்ணாமல் விபூதி பூசிக்கொண்டு போனேன்.

அந்த அதிகாரி மெலிந்த, சிரிக்காத மனுசி. பக்கத்தில், யோகனுக்கும் மொழிபெயர்த்த மட்டக்களப்புத் தம்பி ஒருவர். மேசையில் வரைபடம்.

ஓரிடத்துக்கு எப்படி மூன்று பெயர் இருக்க முடியும் என்பதுதான் முதல் கேள்வி.

"எங்கட சுவாமிக்கு ஆயிரத்தெட்டுப் பேர் அம்மா. ஒழுங்கைக்கு மூண்டு இருக்கிறதோ பெரிசு?"

தம்பி என்னைப் பார்த்தார். "அண்ணை, இதையும் மொழிபெயர்க்கவோ?"

"சொல்லுங்கோ தம்பி. சுவாமிக் கதைதானே, பிழையில்லை."

அவர் சொன்னார். மனுசி சிரிக்கவில்லை. எழுதினார். அடுத்து, ஏன் கப்பியடி என்று பெயர் வந்தது, எனக்குத் தெரிந்ததை முழுவதும் சொல்லச் சொன்னார். மாமனார் கப்பி சுமந்ததிலிருந்து, முகாம் வாசல், கிறீஸ், மாமி புளியைக் கரைத்துத் தேய்த்தது வரைக்கும் உங்களுக்குச் சொன்னது போலவே சொன்னேன். சொல்லச் சொல்லத் தம்பியின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் விளங்கியது.

அதிகாரி பழைய தாள்களைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். "உங்கள் மச்சான் சொன்னது வேறு. அவருடைய தாயார் சாம்பல் போட்டுத் தேய்த்ததாகச் சொல்லியிருக்கிறார்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, யோகனும் அங்கே இதே கதையைச் சொல்லியிருக்கிறான் என்று. பயந்திருக்கவேண்டியவன் நான். ஆனால் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோய்விட்டது.

"சாம்பலோ? அவனுக்கு என்ன தெரியும் அம்மா! அவன் அந்த நேரம் பாயில சுருண்டு கிடந்தவன். மாமி புளி கரைச்சவ, பக்கத்தில நிண்டு தண்ணி வார்த்தது நான். சாம்பலால கிறீஸ் போகுமோ, நீங்களே சொல்லுங்கோ!"

"அண்ணை, சாம்பலாலயும் போகும்" என்றார் தம்பி.

"நீங்கள் இஞ்ச மொழிபெயர்க்க வந்தனீங்களோ, அவனுக்குச் சாட்சி சொல்ல வந்தனீங்களோ?"

இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று மனுசி கேட்டார். தம்பிக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துச் சிரித்துத்தான் அதைச் சொன்னார். நான் பார்த்துக்கொண்டிருக்கவே அந்தச் சிரிக்காத மனுசி பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

சிரித்து முடித்துச் சொன்னார்: பேசிவைத்துக்கொண்டு வருகிறவர்கள் இப்படிச் சின்ன விசயத்தைத்தான் முதலில் ஒரே மாதிரிப் பாடமாக்கி வருவார்களாம். இதற்குப் போய் இப்படிச் சண்டை பிடிக்கிறவர்கள் ஒரே வீட்டில் இருந்தவர்களாகத்தான் இருக்கவேண்டுமாம். முடிவு தன் கையில் மட்டும் இல்லை என்றும் சொன்னார். கடைசியில், தெருவின் பெயரை என்னவென்று எழுதட்டும் என்று கேட்டார்.

"மூண்டையும் எழுதுங்கோ அம்மா. ஆனால் பிள்ளையாரை முதல் எழுதுங்கோ."

அப்படியே எழுதினார். என் கண்ணால் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் நான் யோகன் மேல் பாய்ந்தேன். "சாம்பல் எண்டோ சொன்னனீ?" அவன் "சாம்பல்தானே அத்தான்" என்றான். அவன் சாம்பல் என்கிறான், நான் புளி என்கிறேன். பரமேசு இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டு பேருக்கும் ஒண்டும் தெரியாது. அம்மா தேசிக்காய் பிழிஞ்சு தேய்ச்சவ. தேசிக்காய் ஆய்ஞ்சு குடுத்ததே நான்."

சாப்பாட்டு மேசையில் இருந்த வாணி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்கட ஆக்களுக்கு விசர்" என்றாள். அன்றைக்கு மட்டும் எங்கட ஆக்கள்! நான் அவளைத் திருத்தவில்லை.

5

பனி கரையத் தொடங்கிய நேரம் யோகனுக்கு அனுமதி வந்தது. மனைவி பிள்ளையையும் கூப்பிடலாம். பரமேசு சுவாமிப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். நான் இங்கிரிட் அம்மாளுக்கும் ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன விசேசம் என்று கேட்டார். என் மொழியில் பாதி அவருக்கு விளங்கியிருக்காது. ஆனால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சாந்தியைத் திருகோணமலையில் ஒரு தொலைபேசிக் கடைக்கு வரச் சொல்லி முன்பே தகவல் அனுப்பியிருந்தோம். பல தரம் சுழற்றிய பிறகு இணைப்புக் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் யோகனைச் சுற்றி நின்றோம்.

"கிடைச்சிட்டுது" என்றான்.

அந்தப் பக்கத்தில் சத்தமில்லை. தொடர்பு அறுந்துபோய்விட்டது என்றே நினைத்தோம். ரிசீவரின் ஓரமாக நான் காதை வைத்தேன். அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால விலத்தி, பதிவில பேர் வெட்டச் சொல்லட்டோ?"

அந்தத் தை மாதம்தான் பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். யோகன் ரிசீவரை என் கையில் தந்துவிட்டான்.

"என்னால ஏலாது. நீங்கள் சொல்லுங்கோ அத்தான்."

நான் வாங்கிக்கொண்டேன். "ஓம் பிள்ளை" என்றேன். "வெட்டச் சொல்லு. நாளைக்கே போய்ச் சொல்லு."

"நாளைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ அண்ணை" என்றாள் சாந்தி. "வெள்ளிக்கிழமையில பிள்ளையின்ர பேரை வெட்டக் கூடாது. திங்கட்கிழமை போறன்."

"ஓம் பிள்ளை, அதுதான் சரி" என்றேன். "திங்கட்கிழமை போ."